பேசிக்கா, ஸ்டாண்டர்டா?

வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் பேசிக் எழுதுவதா, ஸ்டாண்டர்ட் எழுதுவதா என்பது பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷமா, இதை என் வீட்டில் நாங்கள் நாலு மாதம் பேசினோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். என் மகன் பேசிக்தான் எழுதினான். அந்த வருஷம் ஸ்டாஃப் ரூமில் யாராவது அவனைப் பற்றிக் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். ஊர்ப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எல்லாம் தைரியம் சொல்கிற டீச்சரின் லட்சணம் அப்படி இருந்தது.

முதலில், இது என்ன ஏற்பாடு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சி.பி.எஸ்.இ. 2019 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு நிலைகளாக்கியது. ஸ்டாண்டர்டின் குறியீடு 041, பேசிக்கின் குறியீடு 241. நிறையப் பேர் நினைப்பதுபோல பேசிக்குக்குத் தனிப் புத்தகம் கிடையாது. பாடத்திட்டம் ஒன்று, வகுப்பு ஒன்று, பள்ளியில் போடுகிற இருபது மதிப்பெண்ணுக்கான வேலையும் ஒன்றுதான். மீதி எண்பது மதிப்பெண்ணுக்கு எழுதுகிற வினாத்தாள் மட்டும் வேறு. அதிலும் கேள்விகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், கேட்கிற விதம்தான் மாறும். அண்மை வருஷங்களின் வினாத்தாள் அமைப்பைப் பார்த்தால், பேசிக்கில் எண்பதில் அறுபது மதிப்பெண் நினைவில் வைத்தும் புரிந்துகொண்டும் நேராகப் போடுகிற கணக்குகளுக்கு. ஸ்டாண்டர்டில் அதற்கு நாற்பத்து மூன்றுதான். மிச்சமெல்லாம் எந்தச் சூத்திரம் எங்கே வரும் என்று பிள்ளையே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியவை.

ஆக, பேசிக் எடுத்தால் படிப்பு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முக்கோணவியலும் உண்டு, இருபடிச் சமன்பாடும் உண்டு, எதுவும் எங்கேயும் போய்விடாது.

சில வருஷம் முன்னால் இரண்டு பையன்களின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது ஞாபகம் வருகிறது. பீரியாடிக் டெஸ்டில் இரண்டு பேருக்கும் நாற்பதுக்குப் பதின்மூன்று. இரண்டு அம்மாக்களும் ஒரே நாளில் வந்து, "மேடம், இவனைப் பேசிக்கில் போட்டுவிடலாமா?" என்று கேட்டார்கள். மார்க்கை மட்டும் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருப்பேன், அவசரத்தில் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பேன்.

முதல் பையன் ரயில் கணக்கு ஒன்றைத் தொட்டிருந்தான். 360 கிலோமீட்டர் போகிற ரயில், வேகம் ஐந்து கூடினால் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும், அப்படியானால் வேகம் என்ன என்கிற கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் சமன்பாடே அமைக்காமல் விட்டிருந்தார்கள். இவன் அழகாக அமைத்திருந்தான்: 360-ஐ வேகத்தால் வகுத்தது ஒரு பின்னம், ஐந்து கூட்டிய வேகத்தால் வகுத்தது இன்னொரு பின்னம், இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று. அதற்கப்புறம் பின்னத்தைக் கழிக்கிற இடத்தில், மேலே இருப்பதை மேலே இருப்பதிலிருந்தும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதிலிருந்தும் கழித்துவிட்டான். மேலே 360-இல் 360 போனால் பூஜ்யம், அதனால் அடுத்த வரியில் பூஜ்யம் சமம் ஒன்று என்று வந்து நின்றது. அதைப் பார்த்துப் பயந்துபோய் முழுக் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தான். யோசிக்கிற பகுதி அவனுக்கு வந்துவிட்டது, தடுக்கி விழுந்தது ஆறாம் வகுப்புப் பின்னத்தில். இந்தப் பையனைப் பேசிக்கில் போட்டு என்ன லாபம்? அங்கேயும் பின்னம் வரும், அங்கேயும் பூஜ்யம் சமம் ஒன்றுதான். அவனுக்குத் தேவைப்பட்டது தினம் அரை மணி நேரம் பின்னமும் குறியும், வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பையனின் தாள் அப்படியே தலைகீழ். நேரடிக் கணக்கெல்லாம் ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுத்தமாகப் போட்டிருந்தான், ஆனால் நாலு வரி வாசகம் படித்துப் பதில் எழுதுகிற கேஸ் ஸ்டடி வந்த இடமெல்லாம் வெறும் காகிதம். நேரத்தையும் அதிலேயே தொலைத்து, தெரிந்த கணக்கு இரண்டை விட்டிருந்தான். பதினொன்றில் காமர்ஸ் எடுக்கப் போகிறேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன் வேறு. இவன் மாதிரிப் பிள்ளைக்காகத்தானே பேசிக்கைக் கொண்டுவந்தார்கள்!

அதனால் மார்க் ஷீட்டைக் கொண்டுவராதீர்கள், விடைத்தாளைக் கொண்டுவாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல ஆரம்பித்தேன். சில பேருக்கு எரிச்சலாக இருந்தது. டியூஷன் மாஸ்டர் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார், இந்த அம்மா என்ன பேப்பரைக் கேட்கிறாள் என்று.

இன்னொரு கேள்வி, பதினொன்றாம் வகுப்பு. ஏற்பாடு வந்தபோதே சொன்னது, மேல்நிலையில் கணக்கு எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஸ்டாண்டர்ட் என்றுதான். கொரோனாவுக்குப் பிறகு சில ஆண்டுகள் இதைத் தளர்த்தினார்கள், அதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தந்த வருஷத்துச் சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பேசிக் எழுதினவர்கள் பதினொன்றில் வழக்கமான கணக்குக்குப் பதிலாக இருக்கிற அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் என்ற பாடத்தை எடுக்கலாம். உயிரியல் எடுத்து நீட் எழுதவும் கணக்குப் பாடம் வேண்டியதில்லை. ஆனால் பொறியியல்தான் என்று பையன் உறுதியாக இருந்தால், பத்தாம் வகுப்பில் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுப் பதினொன்றில் போய் மாட்டிக்கொள்வது கஷ்டம்தான், அதை நான் இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன்.

தவறான பக்கம் போய்விட்டால் திரும்பி வர வழி வைத்திருந்தார்கள். ஸ்டாண்டர்டில் தவறினவர் துணைத்தேர்வில் பேசிக் எழுதலாம், பேசிக்கில் தேறினவர் மனசு மாறினால் துணைத்தேர்வில் ஸ்டாண்டர்ட் எழுதலாம் என்பது அந்த 2019 சுற்றறிக்கையிலேயே இருந்தது. தேர்வு முறை மாறிக்கொண்டிருக்கிற காலம், இதையும் ஒருமுறை பள்ளியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே எண்களை மாற்றி எழுதுவது, மணி பார்க்கத் தடுமாறுவது, எத்தனை தடவை சொன்னாலும் பெருக்கல் வாய்ப்பாடு நிற்காமல் போவது என்று இருக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களை பேசிக், ஸ்டாண்டர்ட் என்று இழுக்கும் முன்னால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு மதிப்பீடு செய்து பாருங்கள். இதற்கு 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஸெபிலிட்டி) என்று பெயர், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு, பாடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சலுகை உண்டு. சோம்பேறி என்று ஐந்து வருஷம் திட்டு வாங்கிவிட்டுப் பிறகு தெரிய வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகன் கதைக்கு வருகிறேன். எந்தக் கணக்கு என்று பள்ளியில் கொடுத்த படிவத்தில் அவனைக் கேட்காமலேயே ஸ்டாண்டர்ட் என்று டிக் அடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் சண்டை போடவில்லை. ராத்திரி நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, உன் கிளாஸ்ல பேசிக் எழுதற பசங்களை நீ எப்படி நினைப்பே?" என்று கேட்டான். நல்ல பசங்கடா, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் ஏன்?" என்றான். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. மாமா கேட்பார், மார்க் ஷீட்டில் பேசிக் என்று அச்சாகியிருக்கும், டீச்சர் பிள்ளை என்பார்கள், இதுதானே மனசில் இருந்தது, அதை அவனிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் படிவத்தை மாற்றிக் கொடுத்தோம். மாமா கேட்கத்தான் செய்தார். "ஆமாம் மாமா, பேசிக்தான்" என்று அவனே சொல்லிவிட்டு டிவியைப் போட்டான்.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளிகள் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அனுப்புவார்கள், அதற்கப்புறம் மாற்றுவது லேசில்லை. வீட்டில் இந்த வருஷத்து விடைத்தாள் நாலைந்து இருந்தால் இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், கையில் சிவப்புப் பேனா மட்டும் வேண்டாம். வணக்கம்.