அதே சாறி பக்கத்துக் கடையிலும் வந்தால்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி கொழும்பு வெள்ளவத்தையில் சாறிக் கடை வைத்திருக்கிற ஒருவரிடமிருந்து. "சென்னையிலிருந்து புது டிசைன் சாறி இறக்கினால், இரண்டு மாதத்தில் காலி வீதிக் கடைகள் முழுக்க அதே சாறி தொங்குது. தொழில்முனைவுக் கோட்பாட்டில் இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறீங்க.

இருக்கு. முதலில், உங்களுக்கு வந்தது எந்த வகை லாபம் என்று பாருங்க. மற்றவர் கவனிக்காத விலை வித்தியாசத்தைக் கவனிக்கிறவருக்கு லாபம் என்று பொருளியலாளர் இஸ்ரேல் கிர்ஸ்னர் 1973இல் விளக்கினார். ஆனால் நீங்க சாறியைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்ட அன்றைக்கே அந்தத் தகவல் எல்லாருக்கும் போயிடுது. அடுத்த கடைக்காரரும் சென்னைக்கு டிக்கெட் எடுப்பார். அந்த லாபம் கரையத்தான் செய்யும். அதை நிரந்தரம் என்று நம்பி, பெரிய முற்பணம் கட்டி இரண்டாவது கடை எடுக்கிற இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறாங்க.

கரையிறதுக்குள்ள அந்தக் காசில் ஒரு பங்கை வேறொன்றாக மாற்றணும். இருக்கிறதுகளைப் புது விதமாகச் சேர்க்கிறதைப் பொருளியலாளர் ஷும்பீட்டர் 'புதிய சேர்க்கை' என்றார், அது இதுதான். நெசவாளர் ஒருவரோடு உங்களுக்கு மட்டும் என்று நிறமும் கரையும் பேசி முடிவெடுங்க. பிளவுஸ் தைக்கிறவரைக் கடையிலேயே வையுங்க. வாடிக்கையாளர் சம்மதத்தோட அவங்க அளவுகளைக் குறிச்சு வையுங்க. கல்யாண வீட்டுக்காரர் சாறி, பிளவுஸ், ஃபோல்ஸ் எல்லாம் ஒரே இடத்தில், சொன்ன திகதிக்கு வாங்கிப் போகணும். தையல்காரரைச் சம்பளம் கூட்டி இழுக்கலாம், நெசவாளரையும் தேடிப் பிடிக்கலாம். ஆனால் நெசவு, தையல், அளவுக் குறிப்பு மூன்றும் ஒன்றோடொன்று பழகி ஓடுறதுக்கு வருஷக்கணக்காகும், அதைக் காசு கொடுத்து அவசரப்படுத்த ஏலாது. பெறுமதியானது, அரிதானது, பார்த்துச் செய்யக் கடினமானது, மாற்றீடு இல்லாதது என்று முகாமைத்துவ அறிஞர் ஜே பார்னி 1991இல் வைத்த நாலு சோதனையிலும் இந்தச் சேர்க்கை நிற்கும். சாறி மட்டும் என்றால் மூன்றாவதிலேயே விழுந்திடும்.

இதில் எவ்வளவு காசு போடலாம் என்றதுக்கு தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001இல் முன்வைத்த சிந்தனை உதவும். எவ்வளவு வரும் என்று கணக்குப் போடாதீங்க, எவ்வளவு வரைக்கும் நட்டமாய்ப் போனாலும் கடை நிற்கும் என்று போடுங்க. மூன்று மாத வாடகை, சம்பளம், பிந்திய திகதி போட்டுக் கொடுத்த செக் எல்லாத்தையும் கழிச்சு மிஞ்சுறதுதான் உங்க எல்லை. அதுக்குள்ள முதலில் 20 சாறி மட்டும் நெய்யக் கொடுங்க. அதையும் கைக்காசில் செய்யுங்க, செக்கில் வேண்டாம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரத்தில் 300ஐத் தாண்டினது. அந்த மாதிரி நேரத்தில் விலை ஏறி விற்பனை மந்தமானால், சரக்கு விற்று முடியிறதுக்கு முன்னாடியே செக் வங்கிக்கு வந்திடும்.