தாத்தாவின் இத்தாலிப் படங்கள்

வணக்கம். இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. பெங்களூரு அல்சூரில் அத்தை வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே காய்கறி வண்டிக்காரர் கத்துவது கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மடியில் இருப்பது தாத்தாவின் பழைய படங்கள் இருக்கும் தகரப் பெட்டி.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு, 1780-இல் தொடங்கியது. இங்கிருந்து ஏரிப் பக்கம் நடந்தால் அவர்களுடைய சென்டர் வந்துவிடும். அந்தப் படைக்காரர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் செல்லப்பெயர்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பாருங்கள், தாத்தா தனியாக நிற்பது. மூலையில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள், கொடுத்தேன். மடிப்பு போனது, கலர் வந்தது. வீட்டில் காட்டினால் அத்தை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "யாருடா இது?" என்கிறார். மூக்கை நேராக்கி, கன்னத்தை உப்பவைத்து, வேறு ஆளாக்கிவிட்டார்கள்.

அதைவிட, நெஞ்சில் இருக்கும் ரிப்பனைப் பாருங்கள். நீலமும் மஞ்சளும் அடித்திருக்கிறார்கள். உண்மையான பதக்கம் இதோ, பெட்டியிலேயே இருக்கிறது: இத்தாலி ஸ்டார், இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனைக்குப் போனவர்களுக்குக் கொடுத்தது. நடுவில் பச்சை, இரண்டு பக்கமும் வெள்ளை, ஓரங்களில் சிவப்பு. அந்தக் காலத்துச் சில ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். சாம்பல் நிறத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் என்னத்தைக் கண்டது! பட்டாளத்துப் படத்தில் ரிப்பன் மாறினால் ஆள் போன நாடே மாறிப்போகும். நல்லவேளை, அசல் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. லேமினேஷனும் போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர், ஓடி வந்துவிட்டேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது.

மற்ற படங்களை அப்பா எண்பதுகளில் பசை ஆல்பத்தில் ஒட்டிவைத்திருந்தார். அந்தப் பசைதான் பெரிய வில்லன், படத்தை மஞ்சளாக்கிவிடும். விரலால் பிய்த்தால் கிழியும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை அடியில் விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தேன். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம். அசையாமல் அடம்பிடித்த இரண்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்தேன். நுணுக்கம் தெரிய 600 டிபிஐ, தரம் குறையாமல் இருக்க டிஃப் ஃபைல். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் தனியாக. இங்கே மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும், அதனால் பெட்டி இனிமேல் சுவரை ஒட்டிய ஷெல்ஃபில் இருக்காது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், மறக்கவே மறக்காதீர்கள். இதைக் கிட்டே காட்டுகிறேன். பென்சில் எழுத்து, தாத்தாவுடையது: "அம்மாவுக்கு, சுகம். குளிர் அதிகம். ஆம்பூரான் போய்விட்டான்." முன்பக்கம் நான்கு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாலு பேரில் யார் அந்த ஆம்பூரான்? அத்தைக்கு இப்போது 78. அவர்தான் விரல் வைத்தார்: "காது பெரிசா இருக்கே, அவர். கண்ணிவெடி."

அதே இத்தாலியில், 1944 ஜூன் 24-இல், மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. ஆம்பூரார் பெயர் அத்தைக்கே தெரியாது, ஊர்ப்பெயர்தான் தெரியும். அன்றைக்கே போனில் ரெக்கார்டரைப் போட்டு, ஒவ்வொரு படமாக நீட்டி அவரைப் பேசவிட்டேன். இரண்டு மணி நேரம், நடுவில் மூன்று காபி.

சரி, இந்தக் கடைசிப் படம் குரூப் போட்டோ. மூன்று வரிசை, 34 பேர். இப்படிப்பட்ட படத்தை நின்றவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கியிருப்பார்கள். அப்படியென்றால் வேலூர்ப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ, யார் வீட்டுப் பரணிலாவது இதே படம் கிடக்கலாம். தாத்தா நடு வரிசையில் இடமிருந்து ஐந்தாவது. அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பவரை அத்தைக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கேமராவை இதன் மேலேயே வைக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.