பரணில் ஒளித்த ரேங்க் கார்டு

வணக்கம் பிள்ளைகளா. பள்ளிப் பிள்ளைகளுக்கு மன அழுத்தம் வராமல் இருக்க என்ன வழி என்று பேசச் சொல்லித்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். வராமல் இருக்க வழி எனக்குத் தெரியாது, வந்த பிறகு என்ன செய்யலாம் என்று வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். சரி, வாங்க என்றார்கள்.

முப்பது வருஷத்துக்குக் கிட்ட அறிவியல் பாடம் நடத்தியவன் நான். ஆனால் இந்த விஷயத்தை நான் படித்தது ஒன்பதாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வில் கணக்கில் 100-க்கு 19 வாங்கிய வாரத்தில். ரேங்க் கார்டை வீட்டுப் பரணில் பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் சொருகிவிட்டு, பள்ளிக்கூடம் போவதாகக் கிளம்பி, நேரே குறுக்குத்துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள். வெள்ளம் வந்தால் முங்கிப்போகிற முருகன் கோவில் இருக்கிறதே, அதற்கு எதிரே படித்துறையில். மதியம் தூக்குவாளியைத் திறப்பேன், ஒரு வாய்கூட இறங்காது, மீனுக்குப் போட்டுவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டு வருவேன். தாமிரபரணி மீன்களுக்கு அந்த மூன்று நாள் நல்ல விருந்து.

நாலாம் நாள் தாங்க முடியாமல் நானே எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். பார்த்தார். "ஏலேய், இதுக்காலே மூணு நாளா மொகம் செத்துப்போய்த் திரிஞ்சே?" என்றார். அப்புறம் பள்ளிக்கூடம் போகாததற்கு இரண்டு அடி விழுந்தது, அது வேறு கதை (கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாமார் தயவுசெய்து அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்). அன்று ராத்திரி நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து அம்மா மறுபடி உலை வைத்தாள். 19 அப்படியேதான் இருந்தது, இன்னொருத்தருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பயம் வந்தால் வயிறு ஏன் பிசைகிறது, உள்ளங்கை ஏன் வேர்க்கிறது? முண்டந்துறைக் காட்டுக்குள்ளே நடந்துபோகிறாய், எதிரே புலி நிற்கிறது என்று வைத்துக்கொள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி உடனே வேலையைத் தொடங்கிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும், செரிமானம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கப்படும். ஓடுவதற்கான ஏற்பாடு அது. வினாத்தாளைப் பார்த்தாலும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது, ஆனால் ஓட முடியாது, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் கை நடுங்கினால் உனக்குத் தைரியம் இல்லை என்று அர்த்தம் கிடையாது, உன் உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

நம் பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள், பத்து நிமிஷம் படிக்க, அடுத்த ஐந்து நிமிஷம் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலுக்குத்தான் எழுத்து. நான் கண்காணிப்பாளராக நின்ற ஒரு ஹாலில் ஒரு பையன், நல்லாப் படிக்கிற பையன், வினாத்தாளை வாங்கியதும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனான், அங்கே தெரியாத கேள்வி ஒன்று இருந்திருக்கிறது, அதோடு ஆள் உறைந்துபோனான். பத்தே முக்கால் வரைக்கும் பேனாவைத் திறக்கவில்லை. பேச விதி இல்லை, தண்ணீர் கொடுக்கலாம், கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், அந்த மூச்சுக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினான். நீண்ட மூச்சாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். இழுப்பதற்கு நாலு எண்ணு, விடுவதற்கு ஆறு ஏழு எண்ணு, பையப் பைய. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் தெரிந்த கேள்விகளை மட்டும் தேடிக் கண்ணால் குறித்துக்கொள், தெரியாதது எங்கேயும் ஓடிப்போகாது, அங்கேயேதான் இருக்கும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி பதினொரு மணிக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுக்கிற அம்மாமார்களே, அதில் இருக்கிற காஃபீனில் ஏறக்குறைய பாதி விடியற்காலை நாலு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். படித்தது மூளையில் நன்றாக நிலைக்கத் தூக்கம் வேண்டும். இந்த வயசுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஏழு மணி நேரமாவது கொடுங்கள்.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகு, சுளகில் தூளும் வெட்டிய இலையும். மகள் பன்னிரண்டாவது, வேதியியல் என்றாலே அழுகை. அந்த அம்மா பள்ளிக்கூடமே அதிகம் போகாதவர், ஆனால் செய்த காரியம் எனக்குத் தோன்றாதது. "ஏட்டி, எனக்குச் சுத்தச் சுத்தத் தூக்கம் வருது, இன்னைக்கு என்ன படிச்சியோ அதைக் கதையாச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மகள் சொல்வாள், கை சுற்றிக்கொண்டே இருக்கும், நின்றுபோனால் "அப்புறம்?" என்பார். எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை, புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து தொடர்வாள். ஒரு நாள் பாடம் நின்ற இடத்தில், "எனக்குப் பயமா இருக்கும்மா, நான் பெயிலாயிட்டா நீ சுத்துன பீடியெல்லாம் வீண்தான" என்று வந்துவிட்டது. அதற்கும் அந்த அம்மா தலையைத் தூக்காமல் "அப்புறம்?" என்றுதான் கேட்டாராம். அழுது முடித்துவிட்டு அந்தப் பிள்ளை அமில கார பாடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு ஒரு "அப்புறம்?" போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கோ "எத்தனை மார்க்கு?"தான் முதலில் வருகிறது. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று மாநில அளவில் பெயர் அறிவிப்பதை அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது, தெருவில் இருக்கிற மாமாவும் சித்தியும் இன்னும் நிறுத்தவில்லை. ரிசல்ட் அன்று சொந்தக்காரர் போனைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ஒரு பாடம் போய்விட்டால் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது, அதையும் நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டுப்போயிருந்தால், எதுவும் பிடிக்காமல் இருந்தால், உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, அது படிப்பு விஷயம் இல்லை, உடனே ஆளிடம் பேச வேண்டிய விஷயம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். வீட்டில் சொல்ல ஆள் இல்லை என்கிற பிள்ளைக்கு 1098, குழந்தைகள் உதவி எண், இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்னொரு தடவை சொல்கிறேன்: 14416.

நாங்குநேரிப் பக்கத்துப் பையன் ஒருவன், சாயங்காலம் ஆடு மேய்க்கப் போகும்போது வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாக ஆடுகளுக்குச் சொல்லிக்கொண்டு போவான். ஏன்டா, அண்ணன்கிட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "அவன் நடுவுல வருஷம் கேப்பான் சார், ஆடு கேக்காது."

வருகிறேன் பிள்ளைகளா, வணக்கம்.