கோப்பின் பெயரும் அதன் வகையும்

வணக்கம் நேயர்களே. இணையத்தில் ஒரு படத்தைத் திறக்கும்போது, சர்வர் படத்தோடு சேர்த்து இன்னொரு தகவலையும் அனுப்புகிறது: இது இன்ன வகைக் கோப்பு என்று. ஜேபெக் படமென்றால் 'இமேஜ், சாய்கோடு, ஜேபெக்'. வலைப்பக்கமென்றால் 'டெக்ஸ்ட், சாய்கோடு, எச்டிஎம்எல்'. இந்த முறை முதலில் மின்னஞ்சலுக்காகத்தான் வந்தது. நத்தானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் 1992-இல் எழுதிய மைம் என்ற மின்னஞ்சல் தர ஆவணத்தில் அது இருக்கிறது.

சரி, வகை சர்வருக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் கோப்பின் பெயரைப் பார்த்துத்தான். அதற்கென்றே நிரல் நூலகங்கள், அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்கள், இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் 'மைம்டைப்ஸ்' என்ற நூலகம் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பெயரைக் கொடுத்தால், புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை அட்டவணையில் தேடி வகையைச் சொல்லும். கோப்பைத் திறந்தே பார்க்காது.

இவ்வளவுதானே, நானே பத்து வரியில் எழுதிவிடுவேன் என்று தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள்! 'புள்ளி டார் புள்ளி ஜிஇசட்' என்று முடியும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி, ஜிஇசட் என்பது அதை ஜிசிப் முறையில் சுருக்கியதற்கான அடையாளம். கடைசிப் புள்ளியை மட்டும் பார்க்கும் நிரல் அதை ஜிசிப் என்று சொல்லி நின்றுவிடும். பைத்தான் நூலகம் இரண்டு விடை தருகிறது: வகை டார், அதைச் சுருக்கிய முறை ஜிசிப். 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். சுருக்க முறையில் மட்டும் கறாராக இருக்கும்: பெரிய இசட் என்றால் யுனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய சுருக்க முறையான 'கம்ப்ரெஸ்', சின்ன இசட் அப்படியல்ல. இதையெல்லாம் யாரோ பொறுமையாக யோசித்து வைத்திருக்கிறார்கள். அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். வலைப்பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் வகை 'அப்ளிகேஷன்' பிரிவிலிருந்து 'டெக்ஸ்ட்' பிரிவுக்கு வந்தது 2022-இல்தான்.

சில பெயர்களுக்கு எந்த நூலகத்தாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'புள்ளி டிஎஸ்' என்பது டைப்ஸ்கிரிப்ட் நிரலாகவும் இருக்கலாம், எம்பெக் காணொலியாகவும் இருக்கலாம். பெயரே தெரியாததாக இருந்தால் பைத்தான் நூலகம் வகையின் இடத்தில் வெறும் 'நன்', அதாவது 'எதுவுமில்லை', என்று திருப்பித் தரும். எனக்கு இந்தக் குணம் மிகவும் பிடிக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால், பிழை எங்கோ தள்ளிப் போய் வெடிக்கும்.

அப்புறம், பயனர்கள் பதிவேற்றும் கோப்புகள். அங்கே பெயரை நம்பவே கூடாது. எந்தக் கோப்புக்கும் யாரும் 'புள்ளி பிஎன்ஜி' என்று படக் கோப்பின் பெயர் வைக்கலாம். உண்மையான பிஎன்ஜி கோப்பு எப்போதும் குறிப்பிட்ட 8 பைட்டுகளோடுதான் தொடங்கும். அந்த 8 பைட்டுகளைப் படித்துப் பாருங்கள். அவை இல்லையென்றால் கோப்பை வாங்காதீர்கள். இருந்தாலும், படத்தைக் கையாளும் நிரலில் ஒருமுறை முழுதாகத் திறந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.