ஒரு நாள் இறுகுது, ஒரு நாள் தண்ணியா போகுது: அம்மாவை டாக்டர்கிட்ட காட்டணுமா?

வணக்கம். இன்னிக்கு வந்த கேள்விகள்ல இதை முதல்ல எடுத்துக்கறேன். கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "டாக்டர், அம்மாவுக்கு 56 வயசு, தேயிலை பறிக்கப் போறாங்க. ரெண்டு மாசமா வெளிக்குப் போறது மாறிப்போச்சு. மூணு நாள் போகவே மாட்டாங்க, அப்புறம் ஒரே நாள்ல நாலு தடவை தண்ணியா போகும். சில நாள் ரத்தமும் படுதாம். மூலம்தான்னு சொல்லி நாட்டு மருந்து சாப்பிடறாங்க. இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் இப்படித்தான்ங்கறாங்க. காட்டணுமா, கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

காட்டணும்மா. இந்த வாரமே காட்டணும். இதைச் சொல்லிட்டு அப்புறம் விளக்கத்துக்கு வரேன்.

தினமும் காலைல ஒரு தடவை போனாத்தான் உடம்பு சரியா இருக்குன்னு நம்ம ஊர்ல ஒரு எண்ணம் இருக்கு. அது அப்படி இல்ல. ஒரு நாளைக்கு மூணு தடவை போறவங்களும் உண்டு, வாரத்துக்கு மூணு தடவை போறவங்களும் உண்டு. வலி இல்லாம, முக்காம, போன திருப்தியோட போனா ரெண்டுமே சரிதான். அதனால பக்கத்து வீட்டுக்காரங்களோட ஒப்பிட்டுப் பார்க்காதீங்க. உங்க உடம்போட பழைய வழக்கம் என்ன, அது இப்ப மாறியிருக்கா, மாறி எத்தனை நாளாச்சு, இதைத்தான் பார்க்கணும். கல்யாணத்துல சாப்பிட்டு ரெண்டு நாள் வயிறு சரியில்லாமப் போறது, பஸ்ல தூரப் பயணம் போயிட்டு வந்து இறுகிக்கறது எல்லாம் தானா சரியாயிடும். மூணு வாரத்தைத் தாண்டியும் பழையபடி வரலைன்னா டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அம்மாவுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

அம்மா குளிரைச் சொல்றாங்க இல்லையா, அதுலயும் உண்மை இருக்கு. குளிர்ல தாகம் எடுக்காது. மலையில நாள் முழுக்க ரெண்டு மூணு டம்ளர் டீயோட நிறுத்திக்கறவங்க நிறைய பேர். பெருங்குடலோட வேலையே மலத்துல இருக்கற தண்ணியை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கறதுதான். உடம்புல தண்ணி குறைஞ்சா அது இன்னும் அதிகமா உறிஞ்சும், மலம் இறுகிப்போகும். இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு தோட்டத்துல இருக்கு. பல தோட்டங்கள்ல இலை பறிக்கற இடத்துல பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வந்தாலும் அடக்கிக்கறாங்க. போக வேண்டி வருமேன்னு தண்ணி குடிக்கறதையே நிறுத்திடறாங்க. இப்படி வருஷக்கணக்கா அடக்கினா, மலக்குடல் கொடுக்கற உணர்வே மழுங்கிப்போயிடும். இது அவங்க தப்பு இல்ல. வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கழிப்பறையும் குடிதண்ணியும் இருக்கணும்ங்கறது ஆரோக்கியத்தோட அடிப்படைத் தேவை. தோட்டத்துல பொறுப்புல இருக்கறவங்க யாராவது இதைப் பார்த்தீங்கன்னா, தயவுசெஞ்சு இதைக் கவனிங்க.

ஆனா குளிர் வருஷா வருஷம் வருது. அம்மா தோட்டத்துக்குப் போறதும் புதுசு இல்ல. அப்படின்னா இந்த ரெண்டு மாசத்துல மட்டும் ஏன் மாறணும்? அதைத்தான் நாம கேட்கணும்.

இறுகறதும் தண்ணியா போறதும் மாறி மாறி வர்றதுக்குப் பல காரணம் இருக்கு. கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைச்சுக்கிட்டு, அதைச் சுத்தித் தண்ணி மட்டும் கசிஞ்சு வரலாம். பார்க்கறவங்களுக்கு அது பேதி மாதிரி தெரியும். அதுக்குப் பேதியை நிறுத்தற மாத்திரை கொடுத்தா அடைப்பு இன்னும் இறுகும். குடல் எரிச்சல் நோய்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் இப்படி வரும். ஆனா அது பெரும்பாலும் சின்ன வயசுலயே ஆரம்பிக்கும், ரத்தம் வராது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பாது. தைராய்டு குறைஞ்சாலும் இறுகும். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில பிரஷர் மாத்திரை, சில இருமல் மருந்து இதெல்லாம் இறுக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கற மெட்ஃபார்மின் சிலருக்கு வயித்தால போக வைக்கும். இன்னொரு காரணம், குடல்ல ஏதாவது வளர்ந்து பாதையைக் குறுக்கறது. 50 வயசுக்கு மேல புதுசா மாத்தம் வந்தா அது இல்லைன்னு உறுதிப்படுத்திட்டுத்தான் மத்ததைப் பத்திப் பேசணும்.

ரத்தத்துக்கு வரேன். நம்ம மலையில பீட்ரூட் விளையுது, வீட்ல அடிக்கடி செய்யறோம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவப்பாப் போகலாம், சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும். ரெண்டு மூணு நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பாருங்க, நின்னுடும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டா மலம் கருப்பாகும், அதுக்கும் பயப்பட வேண்டாம். இது ரெண்டும் இல்லாம, தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, கெட்ட நாத்தத்தோட போச்சுன்னா வயித்துலயோ சிறுகுடலோட ஆரம்பத்துலயோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தலை சுத்தலும் சேர்ந்தா 108ஐக் கூப்பிடுங்க.

செக்கச் சிவந்த ரத்தம்னா மூலமா இருக்கலாம், ஆசனவாய்ல வெடிப்பா இருக்கலாம். அதுதான் அதிகம் பேருக்கு இருக்கறதும். ஆனா மலக்குடல்ல கட்டி இருந்தாலும் இதே சிவப்பு ரத்தம்தான் வரும். வெளியில இருந்து நிறத்தைப் பார்த்துப் பிரிச்சுச் சொல்ல எனக்கும் முடியாது, மருந்துக் கடைக்காரருக்கும் முடியாது. மூலமும் இருந்து, அதுக்கு மேல கட்டியும் இருக்கலாம். இதனாலதான் 'மூலம்'னு நாமளே பேர் வெச்சுட்டு மாசக்கணக்கா மருந்து சாப்பிடறது எனக்குப் பயமா இருக்கு. டாக்டர் விரலால பரிசோதிக்கறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. கூச்சமா இருந்தா லேடி டாக்டர் வேணும்னு தைரியமாக் கேளுங்க.

தங்கச்சி, இன்னும் ஒண்ணு கவனிங்க. அம்மா மேடு ஏறும்போது முன்னைவிட மூச்சு வாங்குதா? பாதி வழியில உட்கார்றாங்களா? வயசாயிடுச்சு, அதான்னு விட்டுடுவோம். குடலோட வலது பக்கம் மெதுவாக் கசியற ரத்தம் கண்ணுக்கே தெரியாது, ரத்தசோகையாத்தான் வெளிய வரும். ஜாக்கெட் லூசாயிடுச்சா, சாப்பாடு குறைஞ்சிருக்கா, மலம் முன்னைவிட மெல்லிசா வருதா, போயிட்டு வந்தும் இன்னும் இருக்கற மாதிரியே தோணுதா, இதையும் கேட்டு வெச்சுக்கங்க.

டாக்டர் முதல்ல ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்ப்பாங்க. அடுத்தது கொலனோஸ்கோபி சொல்ல வாய்ப்பு அதிகம். கேமரா வெச்ச மெல்லிய குழாயைப் பின்வழியா உள்ளே விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்க்கறது. முதல் நாள் குடலைச் சுத்தம் பண்ற மருந்து குடிக்கறதுதான் கஷ்டமான பகுதி. பரிசோதனை நேரத்துல மயக்க ஊசி போடுவாங்க. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்னு சொல்ற சின்ன சதை வளர்ச்சியா ஆரம்பிக்குது, அது புத்தா மாற வழக்கமா 10 வருஷம் மாதிரி ஆகும். பாலிப்பா இருக்கும்போதே பார்த்துட்டா, பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாவே எடுத்துடலாம். புத்தாவே இருந்தாலும் ஆரம்பத்துல கண்டுபிடிச்சா குணப்படுத்த முடியற நோய் இது. அம்மாவுக்கு அதுதான்னு நான் சொல்லலை. மூலம் மட்டும்தான்னு ரிசல்ட் வர வாய்ப்பு நிறைய இருக்கு. அதைப் பரிசோதிச்சுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் சொல்றேன்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துகூடப் பிரியலைன்னா குடல் அடைப்பா இருக்கலாம். அப்ப பேதி ஆக வைக்கற மருந்து எதுவும் கொடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மழைக்காலத்துல வர்ற வயித்துப்போக்கைப் பத்தியும் சிலர் கேட்டிருக்கீங்க. அதுக்குத் தண்ணியைக் காய்ச்சறது முக்கியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்க தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே, 92, 93லயே கொதிச்சிடும். அதனால கொதி வந்ததும் இறக்காம, தளதளன்னு மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதுல போட்டிருக்கற அளவு தண்ணியில மொத்தமாக் கரைச்சுக் கொடுங்க. காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்து போச்சுன்னா, பேதியை நிறுத்தற மாத்திரை நீங்களா கொடுக்காதீங்க.

தங்கச்சி, கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியிலயே ஆரம்பிக்கலாம். தேவைப்பட்டா அவங்க ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ எழுதிக் கொடுப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்துட்டுப் போங்க. அம்மா சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும், அந்த நாட்டு மருந்தையும் மறைக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மாவோட அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்துதான்னு கேட்டுட்டுப் போங்க. இருந்திருந்தா அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.