பரிந்து ஒரு வார்த்தை

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு இருபது நிமிடம் தந்தார்கள். ஒலிவாங்கியைச் சரிசெய்வதிலேயே மூன்று நிமிடம் போய்விட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கையில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொண்டு அமைப்பையோ, பெயர்ப்பலகை கூட இல்லாமல் நல்ல காரியம் செய்துகொண்டிருக்கும் நாலு பேரையோ ஒரு சிறிய நிதிக்குப் பரிந்துரைக்கச் சொல்கிறது. முன்பெல்லாம் இதற்குச் சிபாரிசு என்று பெயர். சிபாரிசு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பெரிய மனிதர் ஒருவரின் கடிதம், "நம்ம ஆள்தான், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்ற ஒரு போன். அந்தச் சொல் அப்படிக் கெட்டுவிட்டது. பரிந்துரை இன்னும் அவ்வளவு கெடவில்லை. அடிபட்டு வந்த பேரனுக்காகப் பாட்டி பரிந்து பேசுவாளே, அந்தப் பரிவுதான் இந்தச் சொல்லில் இருக்கிறது. பாட்டிக்கு அந்த உரிமை எப்படி வந்தது? பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தொட்டுப் பார்க்காமல் பரிந்து பேசினால் அது சிபாரிசு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் இதைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

இப்படியொரு தேர்வுக் குழுவில் சில வருடங்கள் உட்கார்ந்து படிவம் படித்தவன் நான். ஒரே மாலையில் நாற்பது படிவம் படித்துப் பாருங்கள், பத்தாவதிலேயே கண் சொருகும். "விளிம்புநிலை மக்களின் ஒட்டுமொத்த மேம்பாட்டுக்காக அயராது உழைத்துவரும்" என்று ஆரம்பிக்கும். அடுத்ததும் அப்படியே. அமைப்பின் பெயரை மட்டும் மாற்றி எழுதினாற்போல இருக்கும். அந்த மாலையில் ஒரு படிவம் என் கைக்கு வந்தது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்யும் ஆறு பேரைப் பற்றியது. எழுதியவர் நாலே வரி எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், சத்தம் பதிவாகிவிடும் என்று, ஒரு பாடம் முடிந்து வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும்." அவ்வளவுதான். அந்த அறையில் போய் நின்றவரால் மட்டும்தான் அந்த வரியை எழுத முடியும். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

என்ன வேண்டும் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது இன்னும் அழகு. நாமாக இருந்தால் கம்ப்யூட்டர் என்று எழுதியிருப்போம், அல்லது நல்ல மைக். அவர் போய்க் கேட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையும், சுவரில் ஒட்ட நுரைப்பஞ்சும். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதாம். நாங்கள் வைத்திருந்த தொகையில் பாதி கூட ஆகவில்லை.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் வைத்திருக்கிறேன். அதில் குற்றவாளி நாங்கள்தான். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழுவை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். கணினி வேண்டும் என்று அவராகவே எழுதிவிட்டார். நாங்களும் மகிழ்ச்சியாகக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்தக் குழுவுக்குச் சொந்தமாக இடம் கிடையாது, மாலையில் இரண்டு மணி நேரம் இரவல் வாங்கிய கூடம் அது என்று பிறகுதான் தெரிந்தது. தினமும் பாடம் முடிந்ததும் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒருவர் வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும், மறுநாள் தூக்கி வர வேண்டும். சொல்லிக்கொடுக்கும் நேரம் தூக்குவதில் போனது. மூன்று மாதம் கழித்து, "தப்பா நினைக்காதீங்க, இதைத் திரும்ப எடுத்துக்க முடியுமா?" என்று கேட்டார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கொடுத்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும். ஆண்ட்ரூ கார்னகி பெரிய பணக்காரர், நம்முடைய சிறுநிதிக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 1883இல் தான் பிறந்த ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் முதல் நூலகம் திறந்ததில் ஆரம்பித்து, அவர் பணத்தில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைத்தார்: இடத்தை ஊர் தர வேண்டும், கட்டடத்துக்குத் தரும் தொகையில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஊரே ஒதுக்க வேண்டும். முடியாது என்று திருப்பி அனுப்பிய ஊர்களும் உண்டு. கறாரான மனிதர்தான், ஆனால் எங்கள் கணினிகளுக்கு நேர்ந்த கதி அவருடைய நூலகங்களுக்கு நேராமல் இருக்கத்தான் அந்த நிபந்தனை.

சரி, சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும் என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். 2009இல் பாஸ்டனில் 'ஆசம் ஃபவுண்டேஷன்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 டாலர் போடுவது, அந்த 1,000 டாலரை ஒரே ஒரு யோசனைக்குக் கொடுத்துவிடுவது. வட்டி கிடையாது, பங்கு கேட்பது கிடையாது. இன்று பல நாடுகளில் அதே மாதிரிக் குழுக்கள் இருக்கின்றன. பெரிய நிதி வாங்க வேண்டுமானால் தணிக்கைச் சான்று, மூன்று வருட அறிக்கை, திட்ட மதிப்பீடு என்று கட்டுக் கட்டாகத் தர வேண்டும். அதை எழுதித்தரச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் அது கிடைக்கும். ஆறு பேர் சேர்ந்து புத்தகம் படித்துப் பதிவு செய்கிறார்கள் என்றால் அவர்களில் யாருக்கு இதற்கு நேரம்? தொகைக்கு ஏற்றபடி படிவமும் சின்னதாக இருப்பதால்தான் சிறுநிதி அவர்கள் வரைக்கும் போகிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் கேட்டால் நானே சண்டைக்கு வருவேன்.

வேலை செய்பவர்களுக்கு எழுத வராது, எழுத வருபவர்கள் எல்லாரும் வேலை செய்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பரிந்துரைப்பவர் வேண்டியிருக்கிறது.

பொதுமக்கள் ஓட்டுக்கே விட்டுவிடலாமே என்பார்கள். விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாய்க்குட்டி படம் போட்டால் ஓட்டு விழும், விழட்டும், எனக்கும் நாய்க்குட்டி பிடிக்கும். ஆனால் குடியை விட முயல்பவர்கள் வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு என்ன படம் போடுவீர்கள்? அங்கே வருபவர்கள் முகம் காட்ட மாட்டார்கள். சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை தேடித் தருபவர்கள், மனநோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பவர்கள், இவர்களுக்கு எல்லாம் கைதட்டல் குறைவு. யாராவது ஒருவர் எழுந்து பரிந்து பேசினால்தான் உண்டு.

அடுத்தது சங்கடமான விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைத்துனர் நடத்தும் அமைப்பைப் பரிந்துரைக்கலாமா? பரிந்துரைக்கலாம், ஆனால் "என் மைத்துனர்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தேர்வுக் குழுவில் இருந்தால் அந்தப் பெயர் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். இதெல்லாம் மேலைநாட்டு நாகரிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏறக்குறைய கி.பி. 920ஐ ஒட்டியது, ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அதோடு விடவில்லை, அவருடைய உறவினர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்று இன்ன உறவு, இன்ன உறவு எனப் பட்டியலே போட்டிருக்கிறது. பொல்லாத ஆட்கள், ஒரு சந்து விடவில்லை. அப்படி வடிகட்டிய பெயர்களைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

தகுதி முதலில், குலுக்கல் அப்புறம். இதையே நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013இல் ஒருவகை ஆராய்ச்சி நிதிக்குச் செய்ய ஆரம்பித்தது. மனிதவியல், சமூக அறிவியல் ஆய்வுகளுக்கான பிரிட்டிஷ் அகாடமியும் 2022இல் தன் சிறுநிதியில் சோதனையாக ஆரம்பித்தது. தேறியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, இவர் அவரைவிட அரை மதிப்பெண் மேல் என்று நள்ளிரவு வரை அடித்துக்கொள்வதைவிடச் சீட்டு எடுப்பது நேர்மை என்பது என் கட்சி. எங்கள் குழுவில் இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

பதிவு செய்யாத குழுவைப் பரிந்துரைக்கலாமா என்று வாசலில் ஒரு அம்மா கேட்டார். எழுதுங்கள் அம்மா. ஆனால் பணம் யார் பெயரில் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போனால் பின்னால் நட்பே முறியும். பதிவு பெற்ற வேறு அமைப்பு ஒன்று தன் கணக்கில் வாங்கி, இவர்களுக்குச் செலவழித்து ரசீது காட்டும் ஏற்பாட்டைப் பல நிதிகள் ஒப்புக்கொள்கின்றன. முன்கூட்டியே கேட்டுவிட்டால் நல்லது.

இன்றே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது நினைத்திருந்தால், வேண்டாம். வீட்டுக்குப் போய் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். "உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? எது இல்லாமல் கஷ்டப்படுகிறீர்கள்?" இரண்டே கேள்வி.

என்ன சார்? கொஞ்சம் சத்தமாக. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். அப்படியும் நடந்திருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் ஒரு பெண்மணி. நாங்கள் போன் செய்தபோது, "இந்த வருஷம் எங்களுக்குப் போதும். அந்தப் பக்கம் ரெண்டு பேர் சக்கர நாற்காலி ரிப்பேர் பண்ணிக் குடுக்கறாங்க, உதிரிச்சக்கரம் வாங்கக் காசு இல்லாம ஒண்ணைப் பிரிச்சு இன்னொண்ணுக்கு மாட்டறாங்க, அவங்களைப் பாருங்க" என்றார். நாற்பது படிவத்தில் ஒன்றில்கூட அந்த இரண்டு பேரின் பெயர் இல்லை. மறுநாளே போய்ப் பார்த்தோம்.