கன்று விலைக்கு முன்னால் புல் விலை

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் நிலம் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும்தான் இங்கே பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாடு மேய்த்தால் நில வரி குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், ஏழு வருஷத்தில் ஐந்து வருஷமாவது விவசாயம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அது உண்மைதான். அப்புறம் கன்று விலை ஏறிக்கிடப்பதைப் போனில் பார்த்துவிட்டு, நாமும் பத்துப் பசு வாங்கினால் என்ன என்ற எண்ணமும் வந்திருக்கும். கன்று விலையைப் பற்றித்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் புல்லில் இருந்துதான் தொடங்குவேன்.

இங்கே ‘ஹே’ என்று சொல்வதை நம்மில் பலர் வைக்கோல் என்கிறோம். இரண்டும் வேறு. வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சுகிற தாள். ஹே என்பது சத்து இருக்கும்போதே பச்சையாக அறுத்து வெயிலில் காயவைத்த புல். அதை உருண்டைக் கட்டாகச் சுருட்டி விற்கிறார்கள், ‘கட்டு இத்தனை டாலர்’ என்று. ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் மாடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் போனிலேயே பேசி முடித்து இருபது கட்டு வாங்கினேன், விலை மலிவு என்று நிம்மதியாக இருந்தேன். வந்து இறங்கியவை நாலடி அகலம், ஐந்தடி உயரம். நான் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தது ஐந்தடி அகலம், ஆறடி உயரம். கேட்க ஓரடி வித்தியாசம்தான், ஆனால் பெரிய கட்டில் சின்னக் கட்டைப்போல 1.8 மடங்கு புல் இருக்கிறது! பிப்ரவரி பிறப்பதற்குள் என் புல் தீர்ந்துவிட்டது. மாடுகள் வேலியோரம் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, அதை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எடை தெரியாமல் ஒரு கட்டுகூட வாங்குவதில்லை.

மழையில் கிடந்த கட்டு ஒன்றின் வலையை அறுத்துப் பாருங்கள். மேலே அரையடி ஆழத்துக்குக் கருத்துப் போயிருக்கும், கையால் பிய்த்தால் பூஞ்சைத்தூள் புகைபோல மூக்கில் ஏறும். அதையும் தாண்டினால் உள்ளே பச்சை மாறாமல் இருக்கும், நல்ல தேயிலை மாதிரி மணக்கும். கெட்டது வெறும் அரையடிதானே என்று தோன்றும். ஆறடி விட்டமுள்ள கட்டில் அந்த வெளி அரையடிக்குள்தான் மொத்தப் புல்லில் முப்பது சதவீதம் இருக்கிறது. கூரை போட முடியாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் தேங்காத மேட்டில் சரளைக்கல் பரப்பி அதன்மேல் வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 1,200 பவுண்டு எடையுள்ள பசுவுக்குச் சேதாரத்தோடு நாளைக்கு 30 பவுண்டு புல் வேண்டும். குளிர்காலத்தில் 120 நாள் போட்டால் 3,600 பவுண்டு. ஆயிரம் பவுண்டுக் கட்டு 60 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பசுவுக்கு 216 டாலர். வறட்சி வந்து அதே கட்டு 130 டாலர் ஆனால் 468. இடையில் இருக்கிற 252 டாலரை அந்தப் பசு போடுகிற ஒரே கன்றுதான் சம்பாதித்துத் தர வேண்டும். 500 பவுண்டுக் கன்று என்றால் பவுண்டுக்கு ஐம்பது சென்ட் கூடுதலாக விற்றால்தான் பழைய நிலையிலேயே நிற்கலாம். லாபம் அதற்குமேல்தான்.

2011-இல் இங்கே என்ன நடந்தது என்பதைப் புதிதாக வந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மழை பொய்த்தது, உள்ளூரில் புல் இல்லை, தொலைதூர மாநிலங்களிலிருந்து லாரியில் வந்த கட்டுக்குப் புல் விலையோடு லாரி வாடகையையும் கொடுக்க வேண்டியிருந்தது. தலைமுறையாகப் பெருக்கிய மந்தைகளை ஏலத்துக்கு ஓட்டினார்கள். ஒரே வருஷத்தில் டெக்சாஸின் மாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 14 லட்சம் குறைந்தது. எல்லாரும் சேர்ந்து விற்றால் பசு விலை விழும், மழை வந்து எல்லாரும் சேர்ந்து வாங்கினால் கிடேரி விலை ஏறும். வறட்சியில் விற்று மழையில் வாங்குகிறவர் இரண்டு பக்கமும் அடிபடுகிறார். இன்றைய கன்று விலைக்கும் இதுவே பெரிய காரணம். 1975-இல் அமெரிக்கா முழுக்க 13.2 கோடி மாடுகள் இருந்தன. 2025 ஜனவரியில் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. அதோடு சதை தின்னும் ஸ்க்ரூவொர்ம் புழுவுக்குப் பயந்து மெக்சிகோ கன்றுகளை 2025-இல் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம், ஊருக்கு ஊர் விலை ஏன் மாறுகிறது என்று கேட்பீர்கள். கன்று கடைசியில் போய்ச் சேருகிற, தானியம் போட்டுக் கொழுக்கவைக்கிற தீவனக் கொட்டில்கள் டெக்சாஸின் வடக்கே அமரில்லோ பக்கமும் கான்சஸ், நெப்ராஸ்காவிலும் இருக்கின்றன. ஜார்ஜியாக் கன்று அங்கே போய்ச் சேர்வதற்குள் எடை இறங்கும், சிலதுக்குச் சளி பிடிக்கும், லாரி வாடகை வேறு. வியாபாரி அதையெல்லாம் ஏலத்திலேயே கழித்துக்கொண்டுதான் விலை கேட்பான். ஓக்லஹோமாவில் இலையுதிர்காலத்தில் நல்ல மழை பெய்து கோதுமைப் பயிர் தழைத்தால், அதில் மேயவிட இளங்கன்றுகளுக்குப் போட்டி வந்து அந்தப் பக்கம் விலை தூக்கும். ஆகவே எங்கோ ஓர் ஊர் ஏல விலையைப் போனில் பார்த்து உங்கள் கன்றுக்குக் கணக்குப் போடாதீர்கள். காயடிக்காத கன்று, கொம்புள்ள கன்று, நேற்றுவரை தாய்ப்பால் குடித்த கன்று, இவற்றுக்கெல்லாம் உள்ளூரிலேயே விலை குறையும்.

புல்லைக் கோடையிலேயே, அறுவடை நடக்கும்போதே வாங்குங்கள். நாலைந்து கட்டிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், நடுச்சினையில் இருக்கும் பசுவுக்கு 7 சதவீதப் புரதம் போதும், சினையின் கடைசி மாதங்களில் 9 வரையும் கன்று ஈன்றபின் 11 வரையும் வேண்டும். குளிர் தொடங்கும் முன் மருத்துவரை வரவழைத்துச் சினை பாருங்கள். சினை பிடிக்காத பசுவும் அதே 3,600 பவுண்டைத் தின்னும், கன்று தராது. அதை விற்க மனசு வராது, எனக்கும் வரவில்லை, ஆனால் அந்தப் புல் மற்றப் பசுக்களின் வாயிலிருந்துதான் போகிறது.

புல் பரிசோதனைத் தாள் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.